புள்ளிப் பாரையும் புள்ளிக் கொக்கும்

"சந்தேகமே இல்லை" என்று பேச்சைத் தொடங்குகிறவர்கள் தனி இனம், வாசகரே. அதிலும் பழைய ஓவியங்களில் இருக்கும் மீன்களுக்குப் பெயர் சொல்லும் வகையைப் பார்த்திருக்கிறீர்களா?

இருநூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஓர் ஓவியன், கப்பலில் காய்ந்து, வால் ஒடிந்து, நிறம் போய் வந்து சேர்ந்த மீனை முன்னால் வைத்துக்கொண்டு, வாலையும் நிறத்தையும் மனம் போனபடி போட்டு வரைந்திருப்பான். நம் நிபுணர் அதைப் பார்ப்பார். பார்த்து முடிப்பதற்குள் பெயர் வந்துவிடும். மற்றவர்கள் முதுகுத் துடுப்பில் முள்ளை எண்ணிக்கொண்டிருக்க, இவர் காபி குடிக்கப் போய்விடுவார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி உண்டு, உறையைப் பிரித்ததில்லை.

அப்படித்தான் நூலகத்துப் படத்தொகுப்பில் ஒரு பாரை மீனைக் கண்டார். நடுவயிற்றில் வட்டமாக ஒரு கரும்புள்ளி. எந்தக் கடலிலும் எந்தப் பாரைக்கும் இல்லாத புள்ளி. போதாதா? புது இனம் என்று அறிவித்தார், தன் பெயரையே அதற்கு வைத்தார், அதைப் பற்றி ஒரு புத்தகத்தையும் அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

பழைய தாள்களைச் செப்பனிட்டே அந்த நூலகத்தில் இருபது வருஷம் கழித்த ஓர் அம்மாள் ஒருநாள் பஞ்சும் கையுமாகக் கேட்டார்:

"சார், இது மைக்கறை மாதிரி இருக்கு. தொடச்சிடட்டுமா?"

நிபுணருக்குத் திக்கென்றது. புள்ளி போனால் அது வெறும் பாரை, இவர் வெறும் ஆள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்தவன் என்ன முட்டாளா என்று ஒரு பிடி பிடித்தார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த தாளைத் திருப்பினார். அதில் ஒரு கொக்கு.

"இதுக்கும் அதே இடத்துல புள்ளி இருக்கு சார். மை ஊறி இறங்கியிருக்கு."

நிபுணர் கொக்கைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தை முழுசாகப் பார்த்தார். "ஆமாம்மா, கறைதான்" என்று சொல்லிவிடலாம். மானம் கொஞ்சம் போகும், மீன் பிழைத்துக்கொள்ளும். வாய் வரைக்கும் வந்தது.

"சந்தேகமே இல்லை," என்றார். "கொக்கும் புது இனம்தான்."

அந்த அம்மாள் பஞ்சை டப்பாவில் போட்டு மூடினார். அந்தத் தொகுப்பை இனி யாரும் துடைக்கக் கூடாது என்று மறுநாளே உத்தரவு வந்தது. இரண்டாம் பதிப்பில் கொக்கும் சேர்ந்துகொண்டது. வெளியீட்டு விழாவில் கைதட்டியவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்குமே? மூன்றாவது வரியிலேயே வந்துவிட்டதா? "இது அவரேதான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் ஆயிற்றா? நீங்கள் நினைக்கிற அந்த மனுஷரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இந்த இனத்தில் இன்னொருவர் எங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார் என்பது இப்போது தெரிந்துவிட்டது.