குர்மெத் வீட்டு மணிச்சுவர்

நான்கு நாளைக்கென்று பதிவு செய்த புனே தம்பதி ஒரே இரவில் பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.

"என்னங்க குறை?" என்றார் விடுதிக்காரர் குர்மெத்.

"பழைய ஊரைப் பார்க்கத்தான் லேவுக்கு வந்தோம். உங்க வீட்ல தரையிலேர்ந்து கூரை வரைக்கும் டைல்ஸ். இதை எங்க ஊர்லயே பார்த்துக்குவோமே!"

குர்மெத்துக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருவிலேயே முதல் ஆளாக மண்வீட்டை இடித்து கான்கிரீட் போட்டவர் அவர். பாட்டன் காலத்து உத்தரங்களைக் குளிர்காலத்தில் அடுப்பில் எரித்து, அதை முன்னேற்றம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். இப்போது பின்பக்கத்தில் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பூர்வீக நிலத்தில் பாதியை விற்று அதில் கொட்டியாயிற்று. அது விருந்தினரால் நிரம்பாவிட்டால் அவர் கதை முடிந்தது.

"பழசுன்னு காட்ட நம்ம வீட்ல ஒண்ணுமே இல்லையா?" என்று மனைவி டிஸ்கித்திடம் புலம்பினார்.

"ஏன், உங்க மூளை இருக்கே. ஒரு தடவைகூட வெளியே எடுக்காம வச்சிருக்கீங்க."

மறுநாள் கொத்தனார் அங்தூஸ் வரவழைக்கப்பட்டார்.

"வாசலுக்கு நேரே ஒரு மணிச்சுவர் வேணும். மந்திரம் செதுக்கி அடுக்கற கல்லு அத்தனையும் பழசா இருக்கணும். நானூறு வருஷம்னு சொன்னா நம்பணும்."

"நானூறு வருஷத்துக் கல்லுக்கு நான் எங்கண்ணே போவேன்?"

"அது உன் பாடு. எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன்."

கேட்டிருக்கலாம். ஆனால் கூலிக்காரனிடம் விவரம் கேட்பது கௌரவக் குறைச்சல் என்பது குர்மெத்தின் கொள்கை.

நான்கே நாளில் ஆள் உயரத்துக்குச் சுவர் நின்றது. பாசி படிந்து ஓரம் தேய்ந்த கற்கள். அங்தூஸ் ஒரு லாமாவையும் அழைத்துவந்து பூஜையை முடித்துவிட்டார்.

"எங்க முப்பாட்டனார் வச்சது" என்று வந்தவர்களிடமெல்லாம் குர்மெத் கண்கலங்கச் சொன்னார். படம் எடுத்துத் தள்ளினார்கள். அவருக்கு வாயெல்லாம் பல்.

தொல்லை மறுநாளே ஆரம்பித்தது. மணிச்சுவரைக் கடக்கிறவர்கள் அதை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் கடப்பார்கள்; இடப்பக்கம் வைத்தால் பாவம். உள்ளே வரும்போது சரி, அந்தப் பக்கம் பாதை இருந்தது. திரும்பிப் போகும்போது மறுபக்கமாகப் போக வேண்டும். மறுபக்கம் டிஸ்கித்தின் முட்டைக்கோஸ் தோட்டம். பிறந்ததிலிருந்து மணிச்சுவர்களைச் சுற்றி வளர்ந்த ஒரு மனிதருக்கு இது தோன்றவில்லை.

பால்காரர் முட்டைக்கோஸை மிதித்துக்கொண்டு போனார். தபால்காரரும் அப்படியே போனார். புறப்பட்ட விருந்தினர்கள் ஏழு பேரும், பெட்டிகளை உருட்டிக்கொண்டு, வெகு பக்தியோடு போனார்கள்.

"தோட்டத்தில ஊர்வலமே நடக்குது! ஏதாவது பண்ணுங்க!" என்று டிஸ்கித் கத்தினாள்.

குர்மெத் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார். இப்போது உள்ளே வந்தவர் எவரும் வெளியே போகவில்லை. மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் சமையலறையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வந்த வழியே போங்களேன்" என்றார் குர்மெத்.

"சுவரை இடப்பக்கம் வச்சா? எனக்கு மூணு பிள்ளைங்க இருக்குண்ணே. அம்மா, இன்னொரு கோப்பை வெண்ணெய்த் தேநீர் இருந்தா ஊத்துங்க."

சாயங்காலத்துக்குள் அப்படி ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒன்பது பேருக்கும் சோறு. டிஸ்கித்தின் ஒன்றுவிட்ட தம்பி படுக்கையே விரித்துவிட்டான். மறுநாள் காலை குர்மெத்தே தன் காரோடு உள்ளே மாட்டிக்கொண்டார். வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த முட்டைக்கோஸ்மேல் காரை ஏற்றிக்கொண்டு அவரே வெளியே போனார். அதன்பிறகு டிஸ்கித் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

"பிரிச்சு எடுத்துடு" என்றார் அங்தூஸிடம்.

"லாமா பூஜை பண்ணின சுவர். முதல் கல்லை நீங்க எடுங்க, ரெண்டாவதிலேர்ந்து நான் எடுக்கறேன்."

குர்மெத் கல்லைத் தொட்டார். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். அவ்வளவுதான் அவர் வீரம்.

சரி, தொலையாத சுவரால் லாபமாவது பார்க்கலாம் என்று இறங்கினார். பாரம்பரிய வீடு என்று அரசாங்கப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் விருந்தினர் தானாக வருவார்கள். முப்பாட்டனார் காலத்திலிருந்து இந்தச் சுவர் இதே இடத்தில் இருப்பதாகச் சத்தியம் செய்து மனு எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்குத்தான் யாரும் முன்வரவில்லை.

கடைசியில் முன்வந்தவர் முருப். பள்ளிக்கூட நாளிலிருந்தே குர்மெத்துக்குப் போட்டி. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் தன் நிலத்தில் ஓட்டல் கட்டப் போவதாக ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அனுமதிதான் கிடைத்தபாடில்லை. "என்னப்பா, மாளிகை எத்தனை மாடி ஆச்சு?" என்று குர்மெத் அவரைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்பது வழக்கம்.

"கொண்டா, நான் போடறேன்" என்றார் முருப். "சின்ன வயசில இந்தச் சுவர்மேல ஏறி உங்கப்பாகிட்ட அறை வாங்கினேனே, மறந்துட்டியா?"

என்னமாய்ப் புளுகுகிறான் என்று குர்மெத் அசந்துபோனார். முருப் அதோடு விடவில்லை. வீடு வீடாகப் போய் இன்னும் பத்துக் கையெழுத்து வாங்கிவந்தார். தன் செல்வாக்குக்குப் பயந்துவிட்டான் என்று குர்மெத் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

தொல்லியல் அதிகாரி திருமதி கோத்தாரி வந்தார். லென்ஸை வைத்துக்கொண்டு கல் கல்லாக இரண்டு மணி நேரம் பார்த்தார்.

"இது போலி இல்லை" என்றார் கடைசியில். "எழுத்தைப் பார்த்தாலே தெரியுது. நானூறு வருஷத்துக்குக் குறையாது. இடமும் மாறலைன்னு பதினோரு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. இன்னியிலேர்ந்து இது பாதுகாக்கப்பட்ட சின்னம்."

குர்மெத் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "டிஸ்கித்! கேட்டியா?"

"பின்னாடி எழும்புதே, அது யாரோட கட்டடம்?" என்றார் அதிகாரி.

"நம்மளோடதுதாம்மா! மூணு மாடி! முன்பக்கம் பூரா கண்ணாடி!"

"இடிச்சுடுங்க. சின்னத்திலேர்ந்து நூறு மீட்டருக்குள்ள புதுசா எதுவும் இருக்கக் கூடாது."

குதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"அம்மா, அந்தச் சுவர் போன மாசம் வச்சதும்மா! நான் பொய் சொன்னேன்! எல்லாம் பொய்!"

"நீங்க பொய் சொல்லலாம், கல்லு சொல்லாது" என்று அவருடைய மனுவையே அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, தடை உத்தரவைக் கையில் கொடுத்தார் அதிகாரி. பிறகு சுவரை வலக்கைப் பக்கம் வைத்து, முட்டைக்கோஸ் இருந்த இடத்தின் வழியாக மரியாதையாக வெளியே போனார்.

குர்மெத் உத்தரவோடு தெருவுக்கு ஓடினார். அங்தூஸ் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"யோவ், நில்லுய்யா! வந்து அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லு!"

"இப்ப முடியாதுண்ணே. முருப் அண்ணன் ஓட்டலுக்கு இன்னிக்கு அஸ்திவாரம்."

"ஓட்டலா? அவனுக்குத்தான் அனுமதியே கிடைக்கலையே!"

அங்தூஸ் கடப்பாரையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"அந்தக் கல்லுங்க அவர் நிலத்தில கிடந்த வரைக்கும் எப்படிண்ணே கிடைக்கும்?"