கடலுக்குள் ஒரு மைனஸ் எட்டு

என் மனைவியை ஏமாற்றுவது என்று முடிவு செய்தேன். திருமணமான இருபத்திரண்டு வருடங்களில் இந்த முடிவை நான் எடுப்பது பதினேழாவது தடவை. முதல் பதினாறு தடவை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். மானமுள்ள மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் இந்தத் தடவை விளையாட்டில்லை. ஏமாற்றியே ஆக வேண்டியிருந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண்ணைச் சோதித்து, லென்ஸை அரைத்து, ஃபிரேமில் மாட்டி, மூக்கில் உட்கார வைப்பது வரை நானேதான். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்குப் பஸ் நம்பர் தெரிவது என் புண்ணியம். என் மனைவியும் முதலில் என் வாடிக்கையாளர்தான். இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்த நேரம் பார்த்துத்தான் நான் கல்யாணப் பேச்சை எடுத்தேன் என்று என் மச்சான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எட்டு மாதம் முன்பு ஒருநாள், சமையலறைக் கதவு நிலை வளைந்து தெரிகிறது என்றாள். நான் உடனே தச்சரை வரவழைத்தேன். அவர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "நிலை நேராத்தான் இருக்கு, அம்மாவோட கண்ணைக் காட்டுங்க" என்றார். கண்ணாடிக் கடைக்காரனுக்குத் தச்சர் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் கேட்டுக்கொண்டேன்.

கண் டாக்டர் அவளுக்கு மருந்து விட்டு வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் உள்ளே அழைத்தார். கண்ணாடியால் சரியாகிற விஷயம் இல்லை என்றார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறதாம். நேராகப் பார்க்கிற பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும்.

"வீட்டுக்குள்ள நடமாடலாம். வாசிக்க முடியாது. எதிர்ல இருக்கிறவங்க முகம் தெரியாது. ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு வருஷம். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் பக்குவமா சொல்லிக்கிறேன் டாக்டர்."

பக்குவமாகத்தான் சொன்னேன். "கண்ணுல ஈரம் குறைச்சலாம். சொட்டு மருந்து போட்டா சரியாயிடும்."

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றாள். அவ்வளவுதான். ஒரு கிலோ தக்காளிக்கே என்னை அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்கிறவள், வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. என் முகத்தில் பொய் சொல்லும் களை வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை, சும்மா ஒரு சோதனை என்று சொல்லி, கடையில் எழுத்து அட்டைக்கு எதிரே அவளை உட்கார வைப்பேன். கடைசி வரி வரை தடுமாறாமல் படிப்பாள். எனக்குப் போன உயிர் திரும்பி வரும். டாக்டராவது மண்ணாவது, தொழில் தெரியாத ஆள் என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன்.

ஒன்று மட்டும்தான் உறுத்தியது. அந்த மாதங்களில் அவள் என்னை நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை. பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினாள். சில சமயம் தோள்பட்டையை. ஏதோ கோபம் என்று புரிந்தது. எதற்கு என்று யோசித்து என் குற்றங்களைப் பட்டியல் போட்டேன். பட்டியல் நீண்டதே தவிர, எதற்கு இந்தக் கோபம் என்று பிடிபடவில்லை. பொதுவாக ஒரு மன்னிப்புக் கேட்டு வைத்தேன். "எதுக்கு?" என்றாள் என் தோள்பட்டையிடம்.

அப்போதுதான் அந்தப் பதினேழாவது முடிவு. ஒருவேளை டாக்டர் சொன்னது நடந்துவிட்டால்? பார்வை இருக்கும்போதே, வாழ்க்கையில் பார்த்திராத ஒன்றை அவளுக்குக் காட்டிவிட வேண்டும். காலையிலிருந்து மாலை வரை படகுப் பயணம், நடுக்கடலில் இறங்கி முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு, மிதந்தபடியே கடலடியைப் பார்க்கலாம் என்று ஒரு விளம்பரம் வந்திருந்தது. பதிவு செய்தேன். காரணம்தான் கிடைக்கவில்லை. நாங்கள் கோடை விடுமுறைக்கே அவள் தம்பி வீட்டைத் தாண்டிப் போனதில்லை.

"லென்ஸ் கம்பெனியில எனக்குப் பரிசு விழுந்திருக்கு. ரெண்டு பேருக்குக் கடல் பயணம்."

"எதுக்குப் பரிசு?"

"நிறைய வித்ததுக்கு."

"நீங்களா?"

"குலுக்கல்ல விழுந்துச்சு."

"வித்ததுக்கா, குலுக்கல்லயா?"

"நிறைய வித்தவங்களுக்குள்ள ஒரு குலுக்கல்."

என் காதை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி, போலாம்" என்றாள்.

மைனஸ் எட்டுக்காரிக்குச் சாதாரண நீச்சல் கண்ணாடி கொடுத்தால் கடலும் ஒன்றுதான், கழுநீர்த் தொட்டியும் ஒன்றுதான். அதனால் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கடல் கண்ணாடி ஒன்று வாங்கி, அவள் பவரிலேயே இரண்டு லென்ஸ் அரைத்து உட்பக்கம் ஒட்டினேன். ஓரத்தில் காற்றுக் குமிழி வந்தது. பிரித்தேன். மறுபடி ஒட்டினேன். மூன்று மாலைப்பொழுது அதற்கே போயிற்று. என் தொழிலில் இவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை.

படகில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். வழிகாட்டி ஒருவர் ஏறியது முதல் கையிலிருந்த மைக்கைக் கீழே வைக்கவே இல்லை. அவருக்கு மைக்காரர் என்று நான் பெயர் வைத்தேன். முதல் இடம் நெருங்கும்போது பாடம் நடத்தினார். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட மீன் கூட்டமாக வரும், அடுத்து கிளிமூக்கு மீன், பாறை இடுக்கில் ஊதா நிறப் பவளம், அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை.

என் அதிர்ஷ்டம் வேறு பக்கம் வேலை செய்தது. படகு நின்று ஆட ஆரம்பித்ததும் காலையில் சாப்பிட்டதெல்லாம் மேலே வந்தது. நான் பின்பக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலுக்குத் தானம் செய்துகொண்டிருந்தேன். தூரத்தில் அவள் குரல் கேட்டது. "ஏங்க, கண்ணாடி மாட்டியாச்சு, நான் இறங்கறேன்."

கையை ஆட்டினேன். வாய் காலியாக இல்லை.

திரும்பி வந்து துண்டு எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே நான் செய்த கடல் கண்ணாடி, பஞ்சு சுற்றியபடியே இருந்தது. மைக்காரர் கூடையிலிருந்து ஏதோ ஒரு பொதுக் கண்ணாடியை எடுத்து அவளுக்கு மாட்டி இறக்கிவிட்டிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். பாவம், ஒன்றும் தெரியாமல் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பாள். வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

ஏணியில் ஏறி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, நீங்க செஞ்ச கண்ணாடி பிரமாதம். என்ன தெளிவு தெரியுமா? மஞ்சள் மீன் கூட்டமா வந்துச்சு, கறுப்புக் கோடு போட்டது. அப்புறம் கிளிமூக்கு மீன். பாறை இடுக்குல ஊதாக் கலர்ல பவளம்."

என் கையில் இருந்த கண்ணாடி அவள் முகத்துக்கு நேராக, ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்துத்தான் பேசினாள்.

பவர் உள்ள கண்ணாடி எது, இல்லாத கண்ணாடி எது என்று அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எது போட்டாலும் அவளுக்கு இனி ஒன்றுதான். இதைப் புரிந்துகொள்ள வேறு யாருக்காவது நேரம் ஆகும். கண்ணாடிக் கடைக்காரனுக்கு ஆகாது.

அவளை உட்கார வைத்தேன். துவட்டிவிட்டேன். பிறகு கையை உயர்த்திக் கேட்டேன்.

"இது எத்தனை விரல்?"

"மூணு."

மூன்றுதான். நான் மூச்சு விடுவதற்குள் அவளே சொன்னாள். "நீங்க என்னைக்கு மூணைத் தவிர வேற காட்டியிருக்கீங்க?"

"அட்டையைப் படிச்சியே? கடைசி வரி வரைக்கும்?"

"பதினெட்டு வருஷமா அதே அட்டைதானே தொங்குது. சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து ஒப்பிச்சிட்டிருப்பாங்க. எனக்கு மனப்பாடம்."

"எப்போலேர்ந்து?"

"நாலு மாசமா உங்க முகம் தெரியல. கொஞ்சம் தள்ளிப் பார்த்தா, காது தெரியும்."

நான் அவளுடைய கோபம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டது இதற்குத்தான். அவள் என்னைப் பார்க்கத்தான் என் காதைப் பார்த்திருக்கிறாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு..." என்று தொடங்கினேன்.

"தெரியும். நடுவுல வெறும் பலகைத் தடுப்புதானே. எனக்குக் கண்ணுல தானே மருந்து விட்டாங்க, காதுல இல்லையே."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

எட்டு மாதமாக ஒரே வீட்டில் ஒருவர் காதில் ஒருவர் பூச்சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். என் பூ வாடிய பூ. அவளுடையது இன்றைக்குத்தான் வாடியது.

"அட்டையைப் படிச்சு முடிச்சதும் உங்க குரல் லேசாயிடும்" என்றாள். "அதைக் கேக்கத்தான் மாசாமாசம் வந்தேன். அது போச்சுன்னா என்ன செய்வீங்கன்னு பயமா இருந்துச்சு. எனக்குக் கண் போறது ஒரு கவலை. நீங்க இடிஞ்சு உட்கார்ந்துட்டா, அது அதைவிடப் பெரிய கவலை."

மதியச் சாப்பாடு வந்தது. சோறு, காய், ஒரு துண்டு பொரித்த மீன். அவள் விரலால் தட்டைத் தடவி மீனைக் கண்டுபிடித்தாள். "இது தெரியுது" என்றாள். சிரிக்க வேண்டிய இடம். நான் எழுந்து கீழ்த்தளத்துக்கு முகம் கழுவப் போனேன். வெகுநேரம் கழுவினேன். மேலே மைக்காரர் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார். அவர் அறிவிக்காத நேரம் எது?

கழுவி முடித்தபோது பதினெட்டாவது முடிவு எடுத்திருந்தேன். அவளுக்கு இனி கண் நான். அவள் எதைப் பார்க்க வேண்டுமோ, அதை நான் பார்த்துச் சொல்வேன். இன்றைக்கே ஆரம்பம். அடுத்த இடத்தில் நானும் கடலில் இறங்குகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"உங்களுக்குத் தண்ணின்னா பயமாச்சே?"

"பயம்தான். கையை விடாதே."

"சரி, நீங்க செஞ்ச கண்ணாடி வீணாப் போக வேணாம். நீங்க போட்டுக்குங்க."

இரண்டாவது இடத்தில் படகு நின்றது. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவளுக்காகச் செய்த மைனஸ் எட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். என் பவர் மைனஸ் இரண்டரை. தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் உலகம் சுருங்கிச் சுழன்றது. பச்சை நிறத்தில் ஒரு மங்கல். அதில் இன்னொரு மங்கல். அது என் கால் என்று பிறகு தெரிந்தது.

அவள் மிதவை வளையத்தில் கை போட்டு, இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன தெரியுது?"

ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? எடுத்த முடிவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"மீன்" என்றேன்.

"என்ன கலர்?"

"நீலம். வால் மட்டும் மஞ்சள். ஏழெட்டு இருக்கும்."

தலையை விட்டேன். எடுத்தேன். "சிவப்பா ஒண்ணு, தனியாப் போகுது. கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி."

"யாரு மேல கோபம்?"

"வீட்டுக்காரி மேலதான்."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் கடலையே குடியேற்றினேன். வெள்ளிக் காசு மாதிரி ஆயிரம் பொடி மீன்களை விட்டேன். பாறை இடுக்கிலிருந்து ஒரு கிழட்டு மீனை எட்டிப் பார்க்க வைத்தேன். குட்டிகளோடு ஒரு தாய் மீனை அந்தப் பக்கமாக நடத்திக் கூட்டிப் போனேன். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. ஒட்டியது நான், கசிய வாய்ப்பே இல்லை. உள்ளிருந்துதான் வந்தது. அதைத் துடைக்க வழியில்லாமல் கடைசியாக ஓர் ஆமையைக் கொண்டு வந்தேன். அவசரமே இல்லாத ஆமை. எங்களுக்குக் கீழே மெதுவாகக் கடந்து போயிற்று. அது போகும்வரை அவள் மூச்சுகூட விடவில்லை.

படகில் ஏறியதும் துண்டைப் போர்த்திவிட்டு, என் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தேன். என் காதுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். நிறைந்த முகம்.

"எப்படிச் சொன்னேன்?"

"ரொம்ப நல்லா. இனிமே தினமும் இப்படித்தான் சொல்லணும்."

"நிச்சயமா."

"ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க முகம் கழுவப் போனப்போ மைக்ல ரெண்டு தடவை சொன்னாங்க. இந்த இடம் வெறும் மணலாம். சும்மா குளிக்கத்தான் நிறுத்தறாங்களாம். இங்க ஒரு மீன்கூடக் கிடையாதாம்."

காது மடல் வரை எனக்குச் சூடேறியது. "அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"ஆமை போய்க்கிட்டிருந்துச்சே, அது போகட்டும்னு இருந்தேன்."