உதடு வீங்கிய அன்றும் நல்லா இருந்தேன்

டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு எல்லா நோயும் சரியாகிவிடும். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று அவர் கேட்டதுமே, "நல்லா இருக்கேன் சார்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். (முன்பின் தெரியாத மனுஷர் அக்கறையாக விசாரிக்கும்போது நல்லா இல்லை என்று எப்படிச் சொல்வது?)

எனக்குக் காணாக்கடி. உடம்பு திட்டுத் திட்டாகத் தடித்துச் சிவந்து, அரித்துத் தள்ளும். ராத்திரிதான் கிளம்பும். காலையில் ஆண்டிமடத்தில் பஸ் ஏறி அரியலூர் போய்ச் சேர்வதற்குள் அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும். டாக்டரிடம் வெறும் கையை நீட்டுவேன்.

"மாத்திரை கேக்குதாம்மா?"

"கேக்குது சார்."

என் மருமகள் செல்வியை உள்ளே விடமாட்டேன். வயிறு, தொடை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொள்வாள்.

"ராவெல்லாம் சொரிஞ்சு வூட்டுல ஒருத்தரையும் தூங்க வுடல. அவருகிட்ட கேக்குதுன்னு சொல்லிட்டு வர்றீங்களா, அத்தை?"

"அவரு மனசு கஷ்டப்படுமுல்ல."

ஒரு வருஷம் இப்படியே போனது. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வாயால் சொல்லத்தான் கூச்சம். தடிப்பையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டால்?

கத்தரிக்காயும் கருவாடும்தான் காரணம் என்று ஊரே சொன்னதால் எனக்கு அவை இரண்டும் தடை. டாக்டரிடம் போகிற அன்று, செல்வி குளிக்கப் போன நேரம் பார்த்து, முதல் நாள் கருவாட்டுக் குழம்பைக் கத்தரிக்காயோடு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போக வேண்டி வருமோ என்று, ராத்திரி போடுகிற முட்டி வலி மாத்திரையையும் காலையிலேயே முழுங்கிக்கொண்டேன்.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் கை அரித்தது. வந்துவிட்டது! விருந்தாளியைப் பார்த்த மாதிரி எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் உதடு கனத்தது. பிறகு நாக்கு. சந்தோஷம் போய்விட்டது.

செல்வி திரும்பிப் பார்த்தாள். "ஐயோ அத்தை! ஒதடு என்ன பணியாரமாட்டம் ஊதிக் கெடக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். தொண்டையை உள்ளிருந்து யாரோ இறுக்குகிற மாதிரி ஆனதும், மூச்சுக்காக முந்தானையை நானே விலக்கினேன். உயிர் போகிற நேரத்தில் வெட்கம் எங்கே நிற்கும்?

"எங்கயும் நிறுத்தாம வுடுங்கண்ணே!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள் செல்வி. என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் வளையல் நெளிந்தது. எனக்கோ ஒரே கவலை: கத்தரிக்காய் தின்று செத்தாள் என்று ஊர் பேசுமே!

டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு செல்வி என்னை உள்ளே இழுத்துப் போனாள். டாக்டர் பதறி எழுந்தார்.

"என்னம்மா இது? எப்படி இருக்கீங்க?"

தடித்த நாக்கைப் புரட்டிச் சொன்னேன்: "நல்லா இழுக்கேன் ஷார்."

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். மூச்சு சீராகும்வரை டாக்டர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உங்க உடம்புல நடக்குறத நீங்க சொன்னாத்தாம்மா எனக்குத் தெரியும். இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க, என்ன மாத்திரை போட்டீங்க?"

கத்தரிக்காயைச் சொன்னேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மாத்திரை?"

ஒண்ணும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். தொண்டை இறுகியது ஞாபகம் வந்தது. "முட்டி வலிக்கு ஒண்ணு சார். தெனமும் ராத்திரி."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"நீங்க தோல் டாக்டராச்சே."

(தோல் டாக்டரிடம் முழங்காலைப் பற்றிப் பேசுவது ஜவுளிக்கடையில் புளி கேட்பது மாதிரி என்று நினைத்திருந்தேன்.)

டாக்டர் பழைய சீட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். அந்த மாதிரி வலி மாத்திரை காணாக்கடியைக் கிளறிவிடுமாம். அதை நிறுத்தி முட்டிக்கு வேறு மருந்து கொடுத்தார். தடிப்பு வந்தால் உடனே போனில் படம் எடுக்கணும்; தொண்டை இறுகினால் அவரைத் தேடி வராமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்றார்.

இப்போது அரிப்பு எப்போதாவதுதான். செல்வியும் உள்ளே வருகிறாள். அவள் போன் நிறைய என் கையும் முதுகும்தான். டாக்டரும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டார். "இன்னிக்கு என்னம்மா கோளாறு?" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன மாதம் என் மகன் வண்டியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். போனில் அழுதுகொண்டே, "எப்படிடா இருக்க?" என்று கேட்டேன்.

"நல்லா இழுக்கேன் ஷார்" என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்காய்க் குழம்பு வைத்து எடுத்துப் போனேன். அதன் மேல்தான் ஒரு குற்றமும் இல்லையே.