அடுக்களைக்கு வந்த வைத்தியப் படிப்பு

தூத்துக்குடி,
14-5-1948

சென்னையில் வைத்திய மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் மைத்துனர் டாக்டர் சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு, கருப்பட்டி மண்டி காசிலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். சுகமான விதத்தைப் பற்றிப் புகார் சொல்லவே இந்தக் கடிதம்.

உங்கள் அக்காள் செண்பகம் தை மாதத்திலிருந்து நெஞ்சு கரிப்பென்று இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தாள். டாக்டர் மிக்சரும் கேட்கவில்லை, ஏரல் வைத்தியர் லேகியமும் கேட்கவில்லை. பயந்துபோய் உங்களிடம் மருந்து கேட்டு எழுதினேன். நீங்களோ, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த உங்கள் மாணவி பிளாரன்ஸை அனுப்பிவைத்தீர்கள். நோயைத் தெரிந்துகொள்ள முதலில் வீட்டைத் தெரிந்துகொள் என்பது நீங்கள் நடத்தும் பாடமாம். அந்தப் பெண் நாடி பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை, அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அண்ணாச்சி, அக்காவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்குப் பிடிச்சதுதான் அவளுக்கும்" என்றேன். செண்பகம் சிரித்துவிட்டாள். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்றே எனக்குப் புரியவில்லை.

"இந்த வீட்டுல எதுன்னாலும் யார்ட்ட கேப்பிய?" என்று அடுத்த கேள்வி.

"எங்கிட்ட" என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அக்காள் வடிவம்மாள், "எங்கிட்டத்தான்" என்றாள்.

"ஒங்ககிட்ட, அக்கா?" என்று செண்பகத்தின் பக்கம் திரும்பினாள் அந்தப் பெண்.

"எங்கிட்டயா? பெத்த மவளுக்கு ஆத்தூர்ல மாப்பிள்ளை பேசி முடிச்சத வெத்தலைக்காரி சொல்லித்தாம்மா நான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று செண்பகம் அழுதாளே, பார்க்கணும்! சொல்ல மறந்துபோச்சு என்று வாயெடுத்தேன். பிளாரன்ஸ் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாளே செண்பகத்தை ஆத்தூருக்குக் கூட்டிப்போனேன். பையனிடம் அவளே பேசினாள். "பையன் தங்கம். ஆனா மவ பள்ளிக்கூடத்துப் படிப்ப முடிக்கட்டும்" என்றாள். அவர்களும் சம்மதித்தார்கள். அங்கேயே இலை போட்டு உட்கார்ந்து, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு நின்றதா? இப்போது வீட்டில் எல்லாமே கலந்து பேசித்தான். நேற்று குழம்புக்குச் சாளையா, நெத்திலியா என்று பேசி முடிப்பதற்குள் மீன்காரி அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். வடிவம்மாளுக்கு முதுகுவலியாம், எந்த இடத்தில் என்று பிளாரன்ஸிடம்தான் சொல்லுவாளாம். ஆகையால் மாணவர்களுக்கு எலும்பையும் நரம்பையும் மட்டும் சொல்லிக்கொடுங்கள். அடுத்தவர் அடுக்களைக்குள் அனுப்பவேண்டாம்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டம்மாளின் சுகத்தை அவரிடமே கேட்டு எழுதவும்.

இப்படிக்கு,
காசிலிங்கம்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். இரண்டு நாளாக எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. மருந்து வேண்டாம். பிளாரன்ஸ் சென்னைக்குக் கிளம்புமுன் ஒரு நடை வந்து என்னிடமும் ஏதாவது கேட்கச் சொல்லுங்கள். இந்த வீட்டில் இப்போது என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.