ஆயிரத்து நூறாம் ஆண்டு வளையம்

இத்தாலியில், மொந்தெசெக்கோ நகரத்தில், கழுதைச் சந்து பதினான்காம் எண் வீட்டுச் சுவரில், முதல் மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. அதை 1974 ஏப்ரல் மாதம் அடித்தவன் நான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதற்காக எனக்கு அரசாங்க நோட்டீஸ் வந்தது.

நான் கொத்தனார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பெயர் மன்சுவேத்தோ செக்கரெல்லி. மன்சுவேத்தோ என்றால் சாதுவானவன் என்று அர்த்தம். பெயர் வைத்த பாதிரியார் அவசரக்காரர். கல்யாணமான வருஷம் என் மனைவி எர்சிலியா துணி காயப்போட ஒரு கொடி வேண்டும் என்றாள். வளையத்தைப் பதித்தேன், சிமென்ட் பூசினேன், ஈரம் காய்வதற்குள் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்து இரண்டையும் கீறினேன். எம், சி. கொடியின் மறுமுனை எதிர்வீட்டு நெல்லோவின் ஜன்னலில். ஐம்பது வருஷம் எங்கள் படுக்கை விரிப்புகள் அதில்தான் காய்ந்தன. அந்தச் சந்தில் வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான்.

போன வருஷம் டாக்டர் ஃபுல்ஜென்ஸியோ அரிகெத்தி வந்து சேர்ந்தார். எங்கள் நாட்டில் பட்டம் வாங்கிய எல்லோரும் டாக்டர்தான். இவரிடம் இருமலுக்கு மருந்து கேட்கக் கூடாது. இவர் வரலாற்று நிபுணர். நிபுணர் நடத்தும் தனி நடைச் சுற்றுலா என்பது இப்போதைய மோஸ்தர். வழிகாட்டி உயர்த்திப் பிடித்த ஒரு குடைக்குப் பின்னால் ஐம்பது பேரை ஓட்டிக்கொண்டு போவது சாதாரண ஜனங்களுக்கு. ஆறே பேருக்குக் காதில் கருவி மாட்டி, அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுப்பது பண்பாடு மிகுந்தவர்களுக்கு. பேராலயத்தை எல்லோரும் பார்த்துவிட்டதால், யாரும் பார்க்காத ஒன்றைக் காட்டுவது நிபுணரின் கடமையாகிறது. யாரும் பார்க்காதது எங்கள் சந்து.

"மேல பாருங்க," என்றார் டாக்டர். அவருடைய கிசுகிசுப்பு முதல் மாடிவரை கேட்கும். "எம், சி. ரோமானிய எண்ணுல எம்னா ஆயிரம், சின்னா நூறு. ஆயிரத்து நூறாம் வருஷம். சிலுவைப் போருக்குப் போயிட்டுத் திரும்பின வீரன் ஒருத்தன் தன் குதிரையைக் கட்டின வளையம் இது."

"முதல் மாடியிலயா?" என்று கேட்டாள் ஒரு ஜெர்மன் அம்மாள்.

"அந்தக் காலத்துல தெரு உயரமா இருந்துச்சும்மா."

அந்த அம்மாள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான் ஜன்னலில் நின்று விரிப்பை உலர்த்திக்கொண்டிருந்தேன். வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "டாக்டர், அது நான் அடிச்சது. எழுபத்து நாலுல. எம்னா மன்சுவேத்தோ, சின்னா செக்கரெல்லி."

டாக்டர் என்னை அன்போடு பார்த்தார். பிறகு ஆறு பேரிடமும் திரும்பினார். "இந்த ஊர் ஜனங்க பழமையோட எப்படி ஒட்டி வாழறாங்க பாருங்க. ஆயிரத்து நூறாம் வருஷத்தையே தன்னோடதுன்னு நினைக்கிறார்."

ஆறு பேரும் மெதுவாகக் கைதட்டினார்கள். எதிர் ஜன்னலிலிருந்து நெல்லோ சொன்னான்: "தொள்ளாயிரம் வயசுக்கு நல்லாத்தான்டா இருக்க."

பத்தாம் நாள் வரலாற்று விளக்க ஒழுங்குமுறை அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. குற்றம் ஒன்று: உரிமம் பெறாமல், ஜன்னல் வழியாக, பொதுமக்களுக்கு வரலாற்று விளக்கம் அளித்தமை. கேட்பவர் இருவருக்கு மேற்படின் அது சுற்றுலா எனக் கொள்ளப்படும். நின்று கேட்டவர்கள் அச்சுற்றுலாவின் உறுப்பினர்கள் எனக் கொள்ளப்பட்டு, விசாரணைக்கு உட்படுவர். குற்றம் இரண்டு: தொன்மைச் சின்னத்தின் மீது ஈரத்துணி தொங்கவிட்டமை. அன்றே ஒரு ஆள் வந்து கொடியை அவிழ்த்துக்கொண்டு போனான்.

"ஏன்யா, பெரிய சக்கரவர்த்தி," என்றாள் எர்சிலியா. "வளையத்தை அடிச்சமா, ஏணியை விட்டு இறங்கினமான்னு இல்லாம, பேரு எதுக்குக் கீறின?"

"உன்கிட்டக் காட்டத்தான்."

"காட்டிட்டல்ல. இப்ப விரிப்பெல்லாம் குளியலறையில கிடந்து நாறுது. போ, என் கொடியை வாங்கிட்டு வா. கொடி இல்லாம வந்தா நீயும் அங்கயே படுத்துக்க."

அந்த அலுவலகம் பொதுமக்களின் வசதிக்காகச் செவ்வாயன்று இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். மூன்றாவது செவ்வாயில் அதிகாரி ஒலிந்தோ பக்கனீனியைப் பிடித்தேன். மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், நாற்காலி இல்லை.

"நீங்கதான் அடிச்சீங்கன்னு என்ன ஆதாரம்?"

"என் பேரு எழுதியிருக்கு."

"அது வருஷம் ஐயா."

"அப்ப நெல்லோவைக் கேளுங்க. ஏணியைப் பிடிச்சது அவன்தான்."

"அவர் துணியும் அதுல காஞ்சிருக்கு. அந்தச் சாட்சி செல்லாது. சரி, அதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. நான்தான் துளை போட்டேன்."

"அந்தத் துளையைக் காட்ட முடியுமா?"

"அதுலதானே வளையம் இருக்கு."

"அப்ப துளை இல்லை," என்று எழுதிக்கொண்டார். பிறகு நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். வளையம் ஆயிரத்து நூறுல அடிச்சதுன்னா நீங்க தொன்மையைப் பாதுகாத்தவர். எழுபத்து நாலுல அடிச்சதுன்னா, பாதுகாக்கப்பட்ட கட்டடத்துல அனுமதி இல்லாம இரும்பு பதிச்சவர். அம்பது வருஷமா தினமும் நடந்துட்டிருக்கிற குற்றம். வளையத்தைப் பிடுங்கணும். சுவரைச் சோதிக்கணும். அந்தச் சுவர்ல வேற வேலை எல்லாம் யார் செஞ்சது?"

"நான்தான். வீடு முழுக்க நான்தான்."

அவர் பேனாவை மூடினார். "இது என் காதுல விழலை. இப்ப சொல்லுங்க, வளையத்தை யார் அடிச்சது?"

நான் வீட்டை நினைத்தேன். குளியலறை, சமையலறை, பின்பக்கம் அனுமதியில்லாமல் கட்டிய சின்ன அறை, எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

"ஒரு சிலுவைப் போர் வீரன்," என்றேன்.

"பார்த்ததா, கேள்விப்பட்டதா?"

"பார்த்ததுன்னு போட்டா கொடி கிடைக்குமா?"

"கேள்விப்பட்டதுன்னே போடுவோம்," என்றார். கையெழுத்துப் போட்டேன். கொடி கிடைக்கவில்லை. வளையத்தைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது.

அதன் பிறகு ஊருக்கே ரோமானிய எண் பைத்தியம் பிடித்தது. ரொட்டிக்கடை லூச்சோ வால்லியின் எழுத்துகள் எல், வி; அதாவது ஐம்பத்தைந்து. கடைப் பலகையில் 'கி.பி. 55 முதல்' என்று எழுதிவிட்டான். அந்த மாதம் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து குழந்தைகளில் நான்குக்கு எம் என்ற எழுத்தில்தான் பெயர். நெல்லோவுக்கு மட்டும் ஆற்றாமை. அவன் பெயர் நெல்லோ ஸம்பா. "என் எழுத்தை வச்சு ஒரு வருஷத்தைக்கூட எண்ண முடியலியே, என்னடா ரோமானியனுங்க," என்று திட்டிக்கொண்டிருந்தான்.

கோடைக்காலம் வந்தது. டாக்டரின் தனிச் சுற்றுலாக்காரர்கள் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தார்கள்: சந்தில் துணி காயவில்லை, படத்தில் பார்த்த இத்தாலி மாதிரி இல்லை.

அலுவலகம் விரைந்து செயல்பட்டது. கழுதைச் சந்தில் பாரம்பரியத் துணி தொங்கவிட ஆணை பிறந்தது. பழைய வளையத்தைத் தொடக் கூடாது என்பதால், ஒரு முழம் தள்ளிப் புது வளையம் பதிக்க வேண்டும். பக்கத்தில் கிடைத்த கொத்தனார் நான். முத்திரை குத்திய அனுமதியோடு ஏணியில் ஏறினேன். நெல்லோ பிடித்துக்கொண்டான். இந்த முறை நான் ஏமாறவில்லை. ஈர சிமென்டில் என் முழுப் பெயரையும், தேதியையும், ஆணை எண்ணையும் கீறினேன்.

கொடி வந்துவிட்டது. விரிப்பும் அலுவலகமே கொடுத்தது. மூலையில் முத்திரை. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை தொங்க வேண்டும், அதில் படுக்கக் கூடாது, எப்போதும் சற்றுமுன் துவைத்ததுபோல் ஈரமாகக் காட்சியளிக்க வேண்டும். எர்சிலியா இரண்டு மணிக்கொரு தரம் அதில் தண்ணீர் தெளிக்கிறாள். எங்கள் விரிப்புகள் இன்னும் குளியலறையில்தான்.

"கொடி வாங்கிட்டு வரச் சொன்னேன்," என்றாள் அவள். "எதையும் காயவிடாத கொடியைத் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்திருக்க பாரு."

போன வாரம் டாக்டர் புதிதாக ஆறு பேரோடு வந்தார். புது வளையத்தைக் கையால் காட்டினார். "இது நேத்து வேலை. உள்ளூர்க் கொத்தனார் ஒருத்தர் செஞ்சது. பூச்சைப் பாருங்க, எவ்வளவு மட்டம். இப்ப கண்ணாடிக்குள்ள பாருங்க. ஆயிரத்து நூறு. அந்தக் கை இனி யாருக்கு வரும்?"

நான் வாயைத் திறந்தேன். எர்சிலியா என் உதட்டில் கிளிப்பை மாட்டினாள். வேறு வழியில்லாமல் நானும் அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், பழைய வேலை கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் உரிமம் இல்லாமல்தான் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் இருவருக்கு மேல் இருப்பீர்கள். நடுவில் எழுந்து போயிருந்தால் தப்பித்திருக்கலாம், கடைசிவரை நின்றுவிட்டீர்கள். உங்களுக்கு நோட்டீஸ் வந்தால், வளையம் ஆயிரத்து நூறாம் ஆண்டுடையது என்றே எழுதிக்கொடுங்கள். பார்த்ததாகப் போட வேண்டாம். கேள்விப்பட்டதாகப் போட்டால் போதும்.