வாரண்டி போயிரும், பாத்துக்கங்க!

வாரண்டிப் பாதுகாவலர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. ஊரில் மற்றவர்கள் காரை ஓட்டுகிறார்கள். இவர் வாரண்டியைக் காவல் காக்கிறார். எங்கள் மலையூரான அட்டுவம்பட்டியில் பக்கத்து வீட்டுத் திருமலைச்சாமி இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத உதாரணம்.

புது வண்டிக்குப் பூஜை போடப் பழனிக்குப் போனார். அர்ச்சகர் சந்தனக் கிண்ணத்தோடு பானெட்டை நெருங்கியதும் பதறிப்போய், "சாமி, பெயிண்டுக்கு வாரண்டி இருக்கு, கண்ணாடியில வைங்க" என்றார். சரி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம்? "டயருக்குத் தனி வாரண்டிங்க!" முருகனே அசந்துபோயிருப்பான். ஏரிக்கரையில் ஒரு குரங்கு வைப்பரைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது. ஊரே கூடிக் குரங்கை விரட்ட, இவர் மட்டும் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். குரங்கு பிடுங்கினால் வாரண்டி உண்டா என்று கம்பெனிக்கு எழுத வேண்டுமாம்.

வாரண்டிப் புத்தகம் எங்கே என்கிறீர்களா? பூஜையறையில், விபூதித் தட்டுக்குப் பின்னால். தினமும் சூடம் காட்டுவார். பிரித்துப் பார்த்தது மட்டும் கிடையாது.

இந்த இனத்துக்குத் தன் வாரண்டி போதாது, அடுத்தவர் வாரண்டிக்கும் கவலைப்படும். எதிர்வீட்டு ஹமீதுன்னிசா டீச்சரும் அதே மாதம் அதே கார்தான் வாங்கியிருந்தார். ஒரு வருடம் ஆனதும் ஆயில் மாற்ற டவுனில் இருக்கும் மெக்கானிக் சஃபீரை வீட்டுக்கே வரச்சொன்னார். சஃபீர் பானெட்டைத் தூக்கியதுதான் தாமதம், நம்மாள் கேட்டில் ஆஜர்.

"டீச்சர், வெளியாளு கை வச்சா வாரண்டி போயிரும், பாத்துக்கங்க!"

"அதெல்லாம் போகாதுண்ணே" என்றான் சஃபீர். "கம்பெனி சொன்ன ஆயிலு, கம்பெனி ஃபில்டரு. என்னைக்கு மாத்துனேன், எத்தனாவது கிலோமீட்டர்ல மாத்துனேன், எல்லாம் பில்லுல எழுதித் தாரேன். இப்படிச் செஞ்சா செல்லும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கு. ஒங்க வண்டிக்கும் வருசம் ஆச்சுல்ல, கையோட பாத்துறவா?"

"ஏலே, ஒஞ்சோலியப் பாருலே! எனக்கு இன்னும் கிலோமீட்டரே ஆகல."

அவர் சொன்னதும் பொய்யில்லை. மலையில் வண்டி எங்கே ஓடுகிறது? வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு, மழை பெய்தால் அதுவும் இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டரில் சர்வீஸ் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மனிதர் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். மூவாயிரம், நாலாயிரம், இரண்டு வருடம் நெருங்கும்போது ஆறாயிரம். என்ன சிக்கனம்! என்ன பெருமை!

இதற்கிடையில் டீச்சர் வண்டியில் பெட்ரோல் பம்ப் மக்கர் செய்தது. திண்டுக்கல் சர்வீஸ் சென்டரில் சஃபீரின் பில்லைப் பார்த்துவிட்டு இலவசமாகவே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். "தெரியாம செஞ்சிருப்பாங்க" என்று தீர்ப்புச் சொன்னார் திருமலைச்சாமி.

போன மாதம் அவர் வண்டி மலையேற மறுத்தது. இன்ஜினுக்கு இழுவை கொடுக்கும் டர்போ காலி. வேறு சமயமாக இருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். மகள் தாரணிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்குத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பதிந்திருந்தார்கள். அவளை அழைத்துப்போக நம்பியிருந்த வண்டி அது. இருந்தும் மனிதர் கலங்கவில்லை. புத்தகத்தை எடுத்து, விபூதியைத் தட்டிவிட்டு, வண்டியை ஒரு ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார். துணைக்கு நான்.

சர்வீஸ் சென்டரில் சப்ரின் என்ற பெண் அந்தப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தாள்.

"பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருசம், எது முந்துதோ அப்ப ஆயில் மாத்தணும்னு போட்டிருக்கு சார்."

"ஆறாயிரந்தானம்மா ஓடியிருக்கு!"

"வருசம் முந்திருச்சே சார். நாலு தடவ போன் பண்ணுனோம், கிலோமீட்டர் ஆகலைன்னு வச்சிட்டீங்க. ஆயில் தார் மாதிரி கெடக்கு, அதான் டர்போ போச்சு. இதுக்கு வாரண்டி வராது சார்."

திருமலைச்சாமி அந்த வரியை நாலு முறை படித்தார். சத்தமாகவும் ஒரு முறை படித்தார். அப்போதும் வருடம்தான் முந்தியது. எனக்கே பாவமாகிவிட்டது.

வண்டி அங்கேயே நிற்க, மூன்றாம் நாள் தாரணிக்கு வலி எடுத்தது. எதிர்வீட்டு டீச்சர் வெரசாகக் காரை எடுத்தார். தாரணியும் அவள் அம்மா வள்ளியும் பின்னால், திருமலைச்சாமி முன்னால். வாரண்டி போன வண்டி என்று அவர் ஒரு வருடமாகச் சொல்லிவந்த அந்தக் கார், ஒரு வளைவிலும் முனகாமல் இறங்கியதாம். பேத்தி பிறந்தாள், இருவரும் சுகம். தாத்தா பெட்டி நிறைய அல்வாவோடு முதலில் போன இடம் சஃபீரின் பட்டறை.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். மெத்த மகிழ்ச்சி. உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பாலித்தீன் உறையைக் கழற்றிவிட்டு வாருங்கள், பேசுவோம்.