அப்பாவைக் குடிக்க வைத்த பேச்சாளர்

பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். மேடை ஏறியதும் இவர்கள் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நாலடி முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்பார்கள். மைக்செட்காரர் பதறிப்போய் வயரைத் தொட்டுப் பார்ப்பார். வயரில் ஒரு கோளாறும் இல்லை. அது உணர்ச்சி. கட்டணத்தில் அதுவும் சேர்த்திதான்.

இந்த இனத்துக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று பெயர். நமக்கு நம்பிக்கை தருவதாகச் சொல்லி மேடை ஏறி, நம்மை அழவைத்துவிட்டு, கார் ஏறிப் போகிறவர்கள். எந்த வியாபாரத்துக்கும் முதல் வேண்டும் அல்லவா? இந்த வியாபாரத்துக்கு முதல், வறுமை. அது இல்லாத வீட்டில் பிறந்துவிட்டவர் என்ன செய்வார், பாவம்? எங்கள் பெரியப்பா மகனுக்கு அந்தக் கஷ்டம்தான் வந்தது.

பெரியப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. அண்ணன் ஆரம்பத்தில் முயற்சி, இலக்கு, விடியற்காலையில் எழுவது என்று இலவசமாகப் பேசினான். கேட்டவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். கூட்டம் நடத்தியவர் தோளில் கை போட்டுச் சொன்னார்: "பேச்சு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா யாரும் அழலையே."

அன்றிலிருந்து, அடுத்த தெருவில் இருந்த அவன் பள்ளிக்கூடம் நகரத் தொடங்கியது. முதலில் ஊர்க்கோடிக்குப் போனது, பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது, கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்துக் கூப்பிட ஆரம்பித்தபோது ஆற்றில் பாலமும் இல்லாமல் போனது, வீட்டுக் கூரை ஒழுகியது, அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். அதுவும் பழகிப்போய் ஜனங்கள் கொட்டாவி விட்டபோது, அண்ணன் அப்பாவைக் குடிக்க வைத்தான்.

பெரியப்பா ஆயுளில் குடித்த கடுமையான திரவம் இருமல் மருந்து. அதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவார். மேடையிலோ அவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார், சட்டி பானையை உடைத்தார், மகனின் புத்தகத்தைக் கொளுத்தினார். அவர் குடிக்கக் குடிக்க மகனின் கட்டணம் ஏறியது.

பேச்சு கைபேசிகளில் சுற்றியது. வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களுக்கு மட்டும் வராமல் இருக்குமா? ஒரு நாள் காலையில் ஒருவர் பிள்ளையைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, "கொஞ்சம் ஊதுங்க" என்றார். வேன் முதலாளி, "சாவியைக் குடுத்துட்டு வீட்ல இருங்க" என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பா மகனிடம் போனார். அவன் கண்ணாடி முன்னால் தொண்டை தழுதழுக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

"ஏன்டா, நான் எப்படா குடிச்சேன்?"

"அது நீங்க இல்லப்பா. அது ஒரு கேரக்டர்."

"வேன் ஓட்டுறது நான்தானடா. கேரக்டரா ஓட்டுது?"

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்குப்பா."

"அடுத்த கூட்டத்துல ஒரே ஒரு வரி சொல்லிடு. எங்கப்பா குடிச்சதே இல்லன்னு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"சத்தியமா சொல்றேன்பா."

நம்பினார். வேன் முதலாளியையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அண்ணன் கண்ணை மூடினான். திறந்தான். "எங்கப்பா இப்ப குடிக்கிறதில்ல" என்றான். பெரியப்பா நிமிர்ந்தார். "ஏன் தெரியுமா? இந்த மகனோட பேச்சைக் கேட்டு, ஒரே நாள்ல விட்டுட்டார்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பெரியப்பாவை மேடைக்கு இழுத்துக் கட்டிப்பிடித்தான்.

"டேய், அந்த வரி" என்றார் அவர், அவன் காதோரம்.

"அடுத்த கூட்டத்துலப்பா. கேமராவைப் பாருங்க."

வெளியே வந்த முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விட்டது பெரிய விஷயம்ங்க. ஆறு மாசம் போகட்டும். மறுபடி தொடலேன்னா சாவி உங்களுக்குத்தான்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரியா? நேர்காணலில் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்களே, அப்போது உங்கள் அம்மாவை எத்தனை வேளை பட்டினி போட்டீர்கள்? எதிரே இருந்தவர் உருகிப்போய்ப் பேனாவைக் கீழே வைத்ததும், இன்னொரு வேளையைச் சேர்த்தீர்களா, இல்லையா? மேடையும் மைக்கும் இல்லை என்பதால் நாம் வேறு இனம் என்று சொல்லிவிட முடியுமா? கேட்கிற நானும் முதல் பட்டதாரிதான். அதனால்தான் கேள்வி இவ்வளவு சரியாக வருகிறது.

இப்போதெல்லாம் அண்ணனின் அழைப்பிதழில், 'திருந்திய தந்தையும் கலந்துகொள்கிறார்' என்று போடுகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம். பெரியப்பாவும் தவறாமல் போகிறார். இன்றைக்காவது சொல்லிவிடுவான் என்று முன்வரிசையில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.